சக்கரத்தைத் தொட்டுப் பார்த்த புறங்கை

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பலர், லாரி ஷெட்டில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று அந்நாளில் கேட்டவர்கள்தான். குறையாகச் சொல்லவில்லை. அது என்ன வேலை என்று விளக்கிவிட எனக்கு ஆசை, அவ்வளவே.

அக்கா பிறந்தது ஆத்தூரில். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே வளர்ந்து, தூத்துக்குடியில் ஒரு லாரி வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். யுத்தம் தொடங்கிய மறு வருஷம் கயத்தாற்று ரோட்டில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் கொதித்து, டயர் வெடித்து, வண்டி கவிழ்ந்தது. அத்தான் அந்த இடத்திலேயே காலமானார்கள். வேறு வருமானம் இல்லாததால் அக்கா அதே வண்டியைச் செப்பனிட்டு, அத்தானின் கூட்டாளி செல்லையாவை டிரைவராக வைத்துத் தொழிலை நடத்தினார்கள்.

வண்டி ஷெட்டுக்குள் நின்றதும், அக்கா சக்கரம் சக்கரமாக நடுவில் புறங்கையை வைப்பார்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை பொறுக்காவிட்டால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா, கிரீஸ் உருகி வழிந்திருக்கிறதா, உள்ளே பிரேக் டிரம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

"மதினி, இது லாரியா, காய்ச்சக்காரப் பிள்ளையா? கஞ்சி வைக்கச் சொல்லட்டா?" என்பார் செல்லையா.

"வாய மூடிட்டு ஜாக்கிய எடும், கொழுந்தனாரே."

ஒரு மத்தியானம், உப்பளத்துக்கும் துறைமுகத்துக்குமாகக் காலையெல்லாம் ஓடிய வண்டி, கயத்தாற்றுக்கு உப்பு ஏற்றிப் போக வேண்டியிருந்தது. செல்லையாவின் மனைவி பேறுகாலத்துக்குத் தாய்வீடு போக, அதே வண்டியில் ஏறக் காத்திருந்தார். இடது பின்சக்கரத்தில் அக்காவின் கை நின்றுவிட்டது.

"இது ஏன் குளுந்து கெடக்கு?"

"குளுந்தா நல்லதுதான மதினி?"

"மத்த வீலெல்லாம் சுடுது. இது மட்டும் நெழல்லயா ஓடுச்சு?"

செல்லையா வானத்தைப் பார்த்தார். அவர் மனைவிதான் வாயைத் திறந்தார்: "வாசல்ல நிறுத்தி ஒரு வாளித் தண்ணி ஊத்துனாவ, யக்கா. சூட்டோட பாத்தா விடமாட்டீகளாம்."

"ஏளா, நீ சும்மா கெட!"

கழற்றிப் பார்த்தபோது டிரம் நீலம் பாய்ந்திருந்தது. கொதித்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டு விரல் நீளத்துக்கு வெடிப்பும் விட்டிருந்தது.

உப்பு வியாபாரி வந்து, "இன்னைக்குச் சரக்குப் போகலேன்னா இனிமே உங்க வண்டி வேண்டாம் தாயி" என்றார்.

"சரி அண்ணாச்சி. வேற வண்டி பாத்துக்கோங்க."

உப்பு வேறொருவர் லாரியில் ஏறியது. செல்லையாவின் மனைவியையும் அதிலேயே அனுப்பக் கேட்ட அக்கா, அந்த வண்டியையும் சுற்றிவந்து சக்கரங்களைத் தொட ஆரம்பித்தார்கள். அந்த லாரிக்காரர் பதறினார்: "ஏ யக்கா, இது உங்க வண்டி இல்ல!"

"ஏறுத பிள்ள எங்க பிள்ள."

கயத்தாற்றில் சுகப்பிரசவம், பெண் குழந்தை. அந்த வியாபாரி மட்டும் அதன்பிறகு எங்கள் வண்டிக்குச் சரக்குத் தரவில்லை. யுத்தகாலத்தில் புது டிரம் எளிதில் கிடைக்குமா? வண்டி நாள்கணக்கில் சும்மா நின்றது. பழைய டிரம் ஒன்று கிடைத்த பிறகும் சில்லறைச் சரக்குதான். வீட்டில் ஒரு வேளைக் கஞ்சி என்றிருந்தது. செல்லையா வேறு இடம் தேடிப் போகவில்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்கு டைபாய்டு கண்டது. தினமும் காலையில் செல்லையா வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஒருநாள் நெற்றி குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டது என்று நாங்கள் காப்பி போடத் தொடங்கினோம். செல்லையா மட்டும், "குளுந்துல்லா கெடக்கு" என்று சொல்லிவிட்டு, சட்டைகூடப் போடாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினார். டாக்டர் வந்து சேருமுன் அக்கா அடங்கிவிட்டார்கள்.

ஓடிவந்த டாக்டருக்கும், முறைவைத்துக் கண்விழித்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அஸ்தி கரைக்க ஆத்தூர் ஆற்றுக்குத் தம் வண்டியைத் தந்தவர், அன்று கயத்தாற்றுக்கு உப்பு ஏற்றிய அதே லாரிக்காரர். அவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். உங்களில் பலர் அதில் ஏறியிருந்தீர்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு செல்லையா கீழே இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அதுவரை அந்த லாரிக்காரர் வண்டியைக் கிளப்பவில்லை.