ஐந்து கான்களின் வாசல்காரர்

என் வீட்டுக்காரர் பூகிதை எந்தப் போரிலும் பேர் வாங்கியவர் அல்ல. பெரிய வம்சத்தில் பிறந்தவரும் அல்ல. கானுடைய கூடார வாசலில், இரும்புப் பூண் போட்ட தடியைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருஷம் நின்றார். அவர் பார்த்த வேலை அவ்வளவுதான். அவரைத் தாண்டி ஐந்து கான்கள் உள்ளே போனார்கள். அதில் நான்கு பேர் எப்படிச் செத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். ஐந்தாவது ஆளைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

பெருநகரத்தை விட்டு எங்கள் ஆட்கள் குதிரையேறி இந்தப் புல்வெளிக்கே திரும்பி ஓடிவந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. நாடு போனாலும் சட்டம் மட்டும் போகவில்லை. கான் ஆக வேண்டுமென்றால் பெரிய கானின் வம்சத்தில் பிறந்திருக்க வேண்டும். பிறக்காதவன் பின்னால் பத்தாயிரம் குதிரைவீரர்கள் நின்றாலும் படையை ஆளும் தைஷி ஆகலாம், கான் ஆக முடியாது. எங்கள் தைஷி எசெலெய்க்கு அந்த வயிற்றெரிச்சல் கடைசிவரை அடங்கவில்லை. வம்சத்தில் எவனையாவது தேடிப் பிடித்து வருவார். வெள்ளைக் கம்பளத்தில் உட்காரவைத்து, தலைவர்கள் நாலு பேரை விட்டுத் தூக்கச் சொல்வார். தூக்கிவிட்டால் அவன் கான். சொன்ன பேச்சைக் கேட்கிறவரைக்கும் கான்.

முதலாமவருக்கு வேட்டையில் முதுகில் அம்பு. மானுக்கு விட்டது தவறிவிட்டதாம். மான் ஓடியது எதிர்த் திசையில். இரண்டாமவரை நாங்கள் சப்பைமூக்கர் என்போம். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இரண்டு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தார். மூன்றாமவர் எதிரியிடம் ஓடப் பார்த்தார், பிடித்துக்கொண்டு வந்தார்கள். கானின் ரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே, அதனால் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் முதுகெலும்பை ஒடித்தார்கள். நான்காமவரைக் கம்பளத்தில் சுருட்டிப் போட்டு மேலே குதிரைகளை ஓட்டினார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

இதிலெல்லாம் பூகிதை ஒரு வார்த்தை பேசியதில்லை. யார் கான், யார் பிணம் என்பது அவர் கவலை இல்லை. அவர் கவலை வாசற்படி, காலைத் தூக்கித் தாண்டவேண்டிய அந்தக் குறுக்குக் கட்டை. கானுடைய வாசற்படியை மிதித்தவன் சாக வேண்டும். குடிவெறியில் மிதித்தவனுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. மிதித்தானா இல்லையா என்பதற்கு வாசல்காரர் சொல்வதுதான் முடிவு. தைஷியே ஆனாலும் அந்தச் சொல்லைத் தாண்ட முடியாது. அதில் இந்த மனுஷனுக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு சமையல்காரனையும், ஒரு வியாபாரியின் வேலைக்காரனையும் அடித்துக் கொன்றுவிட்டு வந்து, கை கழுவிவிட்டு, என்னிடம் இறைச்சிச் சாறு கேட்டிருக்கிறார். நானும் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், அப்போது எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாமவர் காலத்தில் என் தம்பி தொலுன் செய்திக் குதிரைக்காரனாக இருந்தான். வயது பத்தொன்பது, எங்கள் கூடாரத்திலேயே வளர்ந்தவன். எல்லையில் சண்டை மூண்ட செய்தியை மூன்று நாள் இறங்காமல் ஓட்டிக்கொண்டு வந்தான். குதிரை வாசலிலேயே விழுந்து செத்தது. இவன் குதித்து, செய்தி செய்தி என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். மூன்று நாள் சேணத்தில் இருந்த கால் மரத்துப்போயிருந்தது. தூக்கிவைக்க முடியாமல் படியின்மேல் முழுப் பாதமும் விழுந்தது.

நான் அப்போது கான் கூடாரத்தில் குதிரைப்பால் கள் ஊற்றுகிற வேலையில் இருந்தேன். கள் தோல்பை தொங்குவது வாசலுக்குப் பக்கத்தில்தான். எல்லாம் என் கண்முன்னே நடந்தது.

"குடிச்சிருக்கான்! வழியில குடிச்சிருக்கான்! மன்னிப்பு உண்டு!" என்று நான் கத்தினேன்.

தொலுனுக்கும் புரிந்துவிட்டது. "ஆமா மாமா, நிறையக் குடிச்சிட்டேன்" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லும்போதே சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

பூகிதை அவன் தாடையைப் பிடித்துத் தூக்கி வாயை முகர்ந்து பார்த்தார். கூடாரம் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாடை இல்ல" என்றார்.

வெளியே இழுத்துக்கொண்டு போனார். தடியால் மூன்று அடி. முதல் அடியிலேயே உயிர் போய்விட்டது என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மூன்றாவது அடிக்குக்கூட அவன் விரல் அசைந்ததை நான் பார்த்தேன்.

நான் பூகிதையை விட்டுப் போகவில்லை. கூடாரமும் மாடுகளும் என் சீதனம், நான் எதற்குப் போக வேண்டும்? ஒன்பது வருஷம் அவருக்குச் சோறு வைத்தேன், ஒரு நாளும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவரும் தொலுன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வாய் திறக்காதவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

நான்காமவர் குதிரைக் காலடியில் செத்த பிறகு தைஷி தன் மகள் வயிற்றுப் பேரனைக் கானாக்கத் துடித்தார். அந்தப் பிள்ளையின் தகப்பன் பெரிய கானின் வம்சம். ஆனால் பிள்ளைக்கு இரண்டே வயது, பால்கூட மறக்கவில்லை. மற்றத் தலைவர்கள் முறைத்துக்கொண்டார்கள். செத்தவருக்கு ஆறு வயதில் ஜிர்கல் என்று ஒரு மகன் இருக்கிறான், முறைப்படி அவனைத்தான் தூக்க வேண்டும் என்று குதிரையைவிட்டு இறங்காமல் நின்றார்கள். தைஷி வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

தகப்பன் செத்துப் பத்தாம் நாள், நல்ல வெயிலில், ஜிர்கலைக் கம்பளத்தில் வைத்துக் கூடாரத்தைச் சுற்றித் தூக்கி வந்தார்கள். பயலுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. காலில் அவன் அப்பனுடைய பூட்ஸ், உள்ளே ஆட்டு மயிரைத் திணித்து மாட்டிவிட்டிருந்தார்கள். அப்பன் பூட்ஸோடுதான் மகன் உள்ளே நுழைய வேண்டும் என்று இதற்கு முன் எந்தச் சடங்கிலும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த யோசனை யாருடையது என்று என்னைக் கேட்காதீர்கள்.

வாசலில் இறக்கிவிட்டார்கள். தலைவர்கள் குனிந்து கம்பளத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். பயல் தனியாக நடந்து வந்தான். வளைந்த பூட்ஸ் முனை படியில் தட்டியது. தடுமாறி, விழாமல் இருக்க ஊன்றினான். படியின்மேல், நன்றாக, என் தம்பி மிதித்த அதே மாதிரி மிதித்தான். பின்னாலேயே வந்த தைஷி, காத்திருந்தவர்போல உடனே குரல் கொடுத்தார்.

"மிதிச்சான்! எல்லாரும் பாருங்க, படிய மிதிச்சான்! ஆசனத்துல உக்கார்றவரைக்கும் சட்டம் இவனுக்கும் உண்டு. நான் இல்ல, சட்டம் சொல்லுது!"

தலைவர்கள் நிமிர்ந்தார்கள். அவர்கள் பார்த்திருக்கவில்லை. அதில் வயதான ஒருவர், "நீங்க சொன்னா ஆச்சா தைஷி? வாசல்காரன் சொல்லட்டும்" என்றார்.

எல்லோரும் பூகிதையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு அவரைத் தெரியும். மிதித்தான் என்றுதான் சொல்வார், இப்போதே அந்தத் தடி உயரும் என்று கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பயல் என் பக்கம்தான் நின்றான். அவன் மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது.

"மிதிக்கல" என்றார் பூகிதை.

"என்ன?"

"மிதிக்கல எஜமானே. தாண்டித்தான் வெச்சாரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பயந்து அல்ல, ஆத்திரத்தில். அட பாவி! என் தம்பிக்கு இல்லாத பொய் இந்தப் பிள்ளைக்கு மட்டும் உனக்கு எங்கேயிருந்து வந்தது? அன்று வாயை முகர்ந்து பார்த்தாயே, இன்று கண்முன்னால் படியில் தூசித் தடம் கிடக்கிறதே, அது தெரியவில்லையா உனக்கு?

தைஷி ஒன்றும் முட்டாள் இல்லை. என் முகத்தைப் படித்துவிட்டார். இந்தத் தம்பி கதை அவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

"அல்தானி, நீ பக்கத்துலதான நின்ன?" என்றார், ரொம்ப அன்பாக. "உன் தம்பிக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா? பயப்படாம சொல்லும்மா. பையன் மிதிச்சானா?"

நான் வாயைத் திறந்தேன். மிதித்தான் என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் பூகிதை தலை அங்கேயே உருண்டிருக்கும். ஒன்பது வருஷமாக நான் வேண்டிக்கொண்டிருந்ததும் அதுதான். ஆனால் அந்தப் பயல், யார் எவர் என்று தெரியாமல், என் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே மூக்கைத் துடைத்தான்.

"பூட்ஸ் பெருசு எஜமானே. ஆடிச்சு. படியில படல" என்றேன்.

தலைவர்கள் ஹோ என்று கத்தினார்கள். பயலைத் தூக்கிக்கொண்டுபோய் ஆசனத்தில் உட்காரவைத்தார்கள். தைஷியும் எல்லோருக்கும் முன்னால் மண்டியிட்டார். எழுந்து, பயலின் காதில் ஏதோ சொன்னார். பெரியவர் சொல்லிக்கொடுப்பதைத் திருப்பிச் சொல்கிற குழந்தைக் குரலில், புதுக் கான் தன் முதல் உத்தரவைச் சொன்னான்.

"வாசல்காரருக்குக் கண்ணு சரியில்ல. எடுத்துடுங்க."

என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரியாது. கானுடைய முதல் சொல்லை யாரும் மறுக்கக்கூடாது. தலைவர்கள் தரையைப் பார்த்தார்கள். சூடு போடுகிற கம்பியை, குதிரைகளுக்கு வைத்திருப்பதை, அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான்கு பேர் பிடித்தார்கள். பூகிதை கத்தவில்லை, ஜிர்கல்தான் கத்தினான். அவன் வேறு பக்கம் பார்த்துவிடாதபடி தைஷி அவன் தலையைப் பிடித்துத் திருப்பி வைத்திருந்தார்.

மாட்டு வண்டியில் போட்டு, ஆறு நாள் தள்ளி, ஆள் நடமாட்டம் இல்லாத இந்த மேட்டுக்கு அவரைக் கொண்டுவந்தேன். புண்ணில் வெண்ணெய் தடவும்போது ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன்யா சொன்ன அந்தப் பொய்ய?"

"கை வரல" என்றார்.

"அன்னிக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

கிண்ணத்தை எடுத்து எறிந்துவிட்டு வெளியே போனேன்.

பதினான்கு மாதம் கழித்துக் கம்பளி வாங்க வந்தவன் சொன்னான். ஜிர்கலைக் கம்பளத்தில் சுருட்டிவிட்டார்கள். அப்பனுக்குச் செய்ததையே செய்தார்கள். காரணம் சொல்லக்கூட யாரும் மெனக்கெடவில்லை. தைஷி பேரன் வந்தான். அவனும் அடுத்த குளிர்காலத்தில் காய்ச்சலில் போனான், காய்ச்சல்தானா என்பது வேறு கதை. அப்புறம் மேற்கேயிருந்து ஒருவன் வந்து தைஷி தலையை ஈட்டியில் குத்தி வைத்துவிட்டு, தானே ஒரு கானைத் தூக்கினான்.

இதில் ஒன்றையும் நான் பூகிதையிடம் சொல்லவில்லை. கம்பளிக்காரனையும் சொல்லவிடவில்லை. எங்கள் கூடாரத்தில் மட்டும் இன்னும் ஜிர்கல்தான் கான். மாதம் ஒரு முறையாவது இந்த மனுஷன் கேட்பார், "பையன் எப்படி இருக்கானாம்?" "நல்லா இருக்கானாம். பல்லு விழுந்து முளைச்சிருச்சாம்." "இப்ப எட்டு இருக்குமா?" "ஒன்பது." என் தம்பிக்கு வயது பத்தொன்பதோடு நின்றுவிட்டது. யார் பெற்ற பிள்ளைக்கோ நான் வருஷா வருஷம் வயது கூட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வந்த தலையெழுத்தைப் பாருங்கள்.

போன மாதம் ஒரு குதிரைக்காரன் வந்தான். தூரத்திலிருந்தே "கான் வாழ்க! புதுக் கான்..." என்று ஆரம்பித்தான். நான் சாணக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்தேன்.

"மெதுவாச் சொல்லுடா, உன் வாயில மண்ணு விழ!"

"கானத் தூக்குன சேதிம்மா. மெதுவாச் சொன்னா என் தலை போயிரும்."

"எத்தனை வயசு?"

"நாலு" என்று சொல்லிவிட்டு அவன் வேறு பக்கம் பார்த்தான்.

உள்ளேயிருந்து பூகிதை குரல் வந்தது. "ஏ அல்தானி! யாரு அது? கான் வாழ்கன்னு கேட்டுச்சே?"

குதிரைக்காரன் கையில் இரண்டு தயிர்க்கட்டியைத் திணித்து விரட்டிவிட்டு உள்ளே போனேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "கானோட ஆளுதான். பையன் முதல் மான் அடிச்சிட்டானாம். ஊர் ஊராச் சொல்லி அனுப்பியிருக்கான்."

கண் போனதிலிருந்து சிரிக்காத மனுஷன் சிரித்தார். "ஒத்த அம்புலயா?"

"ஒத்த அம்புலதான்."

"கட்டைவிரல்ல யாரு கொழுப்பு தடவுனாங்களாம்?" முதல் மான் அடித்த பையனுக்கு வீட்டில் மூத்த ஆண்பிள்ளை அப்படித் தடவிவிடுவது எங்கள் வழக்கம். அந்தப் பிள்ளைக்கு மூத்தவன் என்று யார் இருந்தான்? நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்.

"தொலுனுக்கு நான்தான் தடவுனேன். கூச்சத்துல கைய இழுத்துக்கிட்டான். புடிச்சுவெச்சுத் தடவுனேன்."

பதின்மூன்று வருஷத்தில் முதல் முறையாக அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டேன். அடிக்க வேண்டும் என்றுதான் கை ஓங்கினேன். ஓங்கிய கை அவர் மடியில் விழுந்தது. அங்கேயே தலையை வைத்து, என் தம்பிக்காகவும் அந்தப் பயலுக்காகவும் சேர்த்து அழுதேன்.

"எதுக்கு அழுவுற? நல்ல சேதிதான வந்துருக்கு" என்றார். "மான் எவ்வளவு பெருசாம்?"

"பெருசுதான்" என்றேன்.