வலிக்காத ஆணி

எட்டு மணி நேரம் மில்லில் நின்ற அலுப்போடு ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். சர்க்கரை நோய் விழிப்புணர்வுக்காக வந்திருந்த நர்சிங் மாணவிகளில் ஒருத்தி என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“செருப்பைக் கழட்டுங்கக்கா, பாதத்தைப் பாக்கணும்.”

“சுகருக்கு மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன் தாயி. பஸ் வந்துரும், ஆளை விடு” என்று எரிந்து விழுந்தேன். அவள் விடவில்லை.

செருப்பு லேசில் கழன்று வரவில்லை. ஆணி ஒன்று அதைத் துளைத்து என் பாதத்தில் ஏறியிருந்தது.

“வலிக்கலையாக்கா?”

வலிக்கவே இல்லை. கால் மரத்துப்போவது நின்று வேலை பார்ப்பதால்தான் என்று நினைத்திருந்தேன்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனதால் கால் தப்பியது. இப்போது வீட்டுக்கு வந்ததும் தரையில் கண்ணாடியை வைத்துப் பாதத்தைப் பார்க்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் கால் வலிக்கிறது என்று புலம்பினால், எனக்குப் பொறாமையாக இருக்கிறது.