வெட்டிய கிளையை எங்கே போடுவது?

மரம் நட்டவனுக்குப் புண்ணியம் உண்டு, வெட்டுகிறவனுக்குக் கூலி உண்டு. வெட்டிப் போட்டதை அள்ளிக்கொண்டு போகிறவனுக்கு "எங்கேயாவது போட்டுருங்க" என்ற ஒரு வார்த்தைதான் உண்டு.

கோவில்பட்டியில் குட்டியானை வண்டி வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கிளை, தழை, சருகு அள்ளுவது என் தொழில். எங்கேயாவது என்றொரு ஊர் எட்டயபுரம் ரோட்டிலும் இல்லை, கழுகுமலை ரோட்டிலும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். வாசலில் மரம் வைத்திருக்கிறவர்கள், பக்கத்து வீட்டு மரத்தின் சருகைப் பெருக்கியே இடுப்பு ஒடிந்தவர்கள், என்னைப்போல் வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கஷ்டத்தில் பங்காளிகள்தானே? அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஓடை எதற்கு இருக்கிறது?

ஊருக்கு வெளியே புதிதாக வந்த காலனியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் வாசல் புங்கையை வெட்டிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைக் கைகாட்டினார். "அங்கன தள்ளிட்டுப் போங்க, மழை வந்தா அதுவே இழுத்துட்டுப் போயிரும்" என்றார். ஓடை அடைத்தால் தண்ணீர் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார். அவர் கிளையை வேறு இடத்துக்குக் கொண்டு போனேன். எனக்குப் பிறகு அந்தத் தெருவில் வெட்டியவர்கள் எல்லோரும் ஓடையிலேயே தள்ளினார்கள் போல.

ஐப்பசி மழையில் அவரிடமிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் வாசற்படி வரை தண்ணீர். நான் முழங்கால் அளவுச் சேற்றில் இறங்கி, கரிசல் மண் இரண்டு செருப்பையும் பிடுங்கிக்கொள்ள, அடைத்திருந்த கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். அவர் மேல் படியில் குடை பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: "பாத்தீங்களா அண்ணாச்சி, சனங்களுக்குக் கொஞ்சங்கூடப் பொறுப்பு கெடையாது. கண்ட எடத்துல கொண்டாந்து போடுதானுவ!"

மாடத்தி அக்காவின் சட்டம்

நான் அள்ளுவதில் தடித்த கட்டை, கரி மூட்டம் போடுகிறவருக்குப் போகும். சருகு, பசுவந்தனைப் பக்கம் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரியின் எருக்கிடங்குக்குப் போகும். முள்ளை வேலி அடைக்கக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பச்சைத் தழை முழுக்க மாடத்தி அக்காவுக்கு. ஊருக்கு மேற்கே, கரிசல் காட்டு ஓரத்தில் வெள்ளாடு வளர்க்கிறவர். புருஷன் இல்லை. மகளை நர்ஸிங் படிக்க வைப்பதும் வீட்டில் உலை கொதிப்பதும் அந்த ஆடுகளால்தான். மாசி பிறந்துவிட்டால் அந்தக் காட்டில் புல் என்று ஒன்று இருக்காது, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்போது ஆடுகளுக்கு என் வண்டியை விட்டால் கதி இல்லை. ஹாரன் சத்தம் கேட்டாலே ஓடிவரும். முதலில் வருவது கழுத்தில் மணி கட்டிய செவலை. மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதல் லோடு கொட்டிய அன்று அக்கா குவியலைச் சுற்றி வந்து, கையால் விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேம்பு, வாகை, பூவரசு எதையும் கொண்டா தம்பி. அரளி மட்டும் ஒரு கொப்புகூட வரப்படாது. பச்சையா நின்னா ஆடு மோந்துட்டுப் போயிரும். வெட்டி வாடிப்போச்சுன்னா அதுக்கு வித்தியாசம் தெரியாது. திங்கும், செத்துப்போவும்."

அன்றிலிருந்து அரளி என்றால் எனக்குத் தனி நடை. தனியாக ஏற்றி, குழி தோண்டிப் புதைத்துவிடுவேன். எரிக்கவும் மாட்டேன், அந்தப் புகையும் ஆகாது.

முருங்கைக்குச் சாவு இல்லை

கம்பளிப்பூச்சி தாங்காமல் ஒரு வீட்டில் முருங்கையை வெட்டினார்கள். கரி மூட்டக்காரரிடம் கொண்டு போனேன். "இத மூட்டத்துல வச்சா கரி வராது, ரசந்தான் வரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற தன் தம்பியின் காலி மனை இங்கே கிடக்கிறது, அதன் ஓரமாகப் போடுங்கள் என்றார் வீட்டுக்கார அம்மா. போட்டேன். அடுத்த வாரம் கோடைமழை பெய்தது.

முருங்கையின் குணம் உங்களுக்குத் தெரியும். போட்ட கம்பெல்லாம் துளிர்த்து, மனையைச் சுற்றி வேலி நட்ட மாதிரி வரிசையாக நின்றது. வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வந்த தம்பி எனக்குப் போன் போட்டார்: "எங்க அக்கா ஒழிச்சுட்டு வாங்கன்னு அனுப்பினா, பூச்சியோட சேத்து எம் மனையில குடியேத்திட்டுப் போயிருக்கீங்களே அண்ணாச்சி!"

தீப்பெட்டி ஆபீஸ் சுவர்

எனக்கு வாடகை கொடுக்க மனமில்லாத ஒருவர், நான் வீட்டு வாசலில் நிற்கும்போதே சருகைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார். குவியலுக்குப் பின்னால் இருந்த சுவர் ஒரு தீப்பெட்டி ஆபீஸுடையது. அந்தப் பக்கம் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. கையில் இருந்த சோற்றைக்கூடக் கழுவாமல் ஓடிவந்த போர்மேன், அவர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி, லேபிளைத் திருப்பிப் பார்த்தார். அவர்கள் ஆபீஸ் சரக்குதான். "அண்ணாச்சி, நல்லாப் பத்துமான்னு நாங்களே பாத்துதான் அனுப்புதோம். நீங்க வேற பாக்க வேண்டாம்."

வேம்புக்கு அடியில்

கழுகுமலை ரோட்டில் ஒரு அம்மா பூஜைப் பூவுக்காகச் சுவரோரம் நெடுக வெள்ளரளி வளர்த்திருந்தார். சுவரை இடித்துக் கட்ட, அரளியும் ஒரு வேம்பும் வெட்டுப்பட்டன. இன்று வேம்பை எடுக்கிறேன், அரளிக்கு நாளைக்குத் தனியாக வருகிறேன் என்றேன். அவருக்கு மறுநாள் மகளுக்கு வளைகாப்பு. வாடிய அரளிக் குவியல் வாசலில் கிடக்க, சம்பந்தி வீட்டார் வந்து இறங்குவதா? என்னிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மரம் வெட்டிய ஆட்களை வைத்தே அரளியை வண்டியில் அடியில் போட்டு, மேலே வேம்பைப் பரப்பிவிட்டார்.

எங்கள் வண்டியில் லோடு ஏற்றும் முன்பே அடியில் கயிறு போட்டுவிடுவோம். இறக்கும் இடத்தில் கயிற்றை இழுத்தால் மொத்தமும் சரிந்து விழும், ஒரு கொப்பைக்கூடக் கையால் தொட வேண்டியதில்லை. மாடத்தி அக்கா இடத்தில் அப்படித்தான் இழுத்துவிட்டு, ஹாரன் அடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் அந்த அம்மாவின் போன். "அண்ணாச்சி, அடியில அரளி கெடந்துச்சுல்லா, அதுல திரும்ப நடுறதுக்குன்னு ஒரு நல்ல கம்பு வச்சிருந்தேன். தெரியாம அதையும் ஏத்திட்டானுவ. கொஞ்சம் எடுத்து வைப்பீங்களா?"

ஒரு கம்பு

வண்டியைத் திருப்பினேன். மாடத்தி அக்காவுக்குப் போட்ட போனை யாரும் எடுக்கவில்லை. எடுக்க அவருக்குக் கை ஒழியவில்லை என்பது போன பிறகுதான் தெரிந்தது. அரளியைக் கண்டதும் ஆடுகளைக் கம்பால் அடித்து விரட்டிவிட்டு, கிடந்ததையெல்லாம் இழுத்து ஒரு மூலையில் சேர்த்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். மற்ற ஆடுகள் தப்பித்துவிட்டன. எதற்கும் முதலில் வருகிற செவலை, இதற்கும் முதலில் வந்துவிட்டது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். பொழுது அடைவதற்குள் அது காலை உதைத்துக்கொண்டு செத்துப்போனது. அதன் இரண்டு குட்டிகளும் பக்கத்திலேயே நின்று கத்தின. எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. அக்கா மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் காலையில் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். "கம்பு இருக்கு, வந்து வாங்கிக்கிடுங்க" என்று வண்டிக் கதவைத் திறந்தேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு ஏறினார். வழியெல்லாம் வளைகாப்புக்கு வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். இறங்கியதும் புதிதாக மூடிய குழியைப் பார்த்தார். தாய் மடி இல்லாத குட்டிகள் வேறு ஆடுகளிடம் முட்டி முட்டி உதைபடுவதைப் பார்த்தார். என்ன நடந்தது என்று சொன்னேன். மாடத்தி அக்கா வீட்டுக்குள் போய், அரளியைப் புதைக்கும்போதே நான் எடுத்துக் கொடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த கம்பைக் கொண்டுவந்து அந்த அம்மா கையில் கொடுத்தார்.

"இந்தாங்கம்மா உங்க கம்பு. நல்லா வேர் பிடிக்கும், நடுங்க. சாமிக்குப் பூ வேணும்லா. வெட்டுத அன்னைக்கு மட்டும், எங்கிட்ட ஒரு செவலை இருந்துச்சுன்னு நெனச்சுக்கிடுங்க."

இப்போதெல்லாம் யாராவது "எங்கேயாவது போட்டுருங்க" என்றால், வண்டியின் அந்தப் பக்கக் கதவைத் திறந்து "ஏறுங்க, அந்த ஊரைக் காட்டுதேன்" என்கிறேன். இதுவரை அந்த ஒரு அம்மாவைத் தவிர யாரும் ஏறவில்லை.