வெயிலில் வைத்த விமானக் கட்டை

அன்று காலை அந்தப் பலகைகளை வெயிலில் வைத்தபோது, அவை கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? இரண்டு வருடமாகியும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. என் கணவரின் அண்ணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். அவர்தான் மெட்ராஸிலிருந்து அவளுக்கு அந்த விமானப் பெட்டியை வாங்கி வந்தார். உள்ளே விமானம் இல்லை. பால்சா என்ற மரத்தின் மெல்லிய பலகைகள், ஒரு வரைபடம், முறுக்கிவிட ஒரு ரப்பர். நாமே வெட்டி ஒட்டிக் கட்ட வேண்டும். ஒரு பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் மீனின் ஓடு போல எடையே இல்லை.

கூட இருந்த ஆங்கிலத் தாளை நான்தான் மகளுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். கட்டத் தொடங்கும் முன் செய்ய வேண்டியதே ஒரு பக்கம் இருந்தது. மரம், வேலை நடக்கப்போகும் அறையிலேயே நாலைந்து நாள் கிடந்து அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும். அறையில் ஈரம் கூடாது. அடியில் வைத்துக் கட்டும் பலகை கொஞ்சமும் வளைந்திருக்கக் கூடாது.

“எங்க ஏசி ரூம்லயே கட்டட்டுமே. கண்ணாடி மேஜை கீது” என்றார் அவர் மனைவி, என் ஓரகத்தி. அவருடைய பையன்கள் இருவரும் ஹாஸ்டலில் இருந்தார்கள்.

“வேணாங்க்கா, இங்கயே பாத்துக்கறோம்” என்றேன்.

அதற்குக் காரணம் மரம் இல்லை. பள்ளி விட்டதும் மகள் நேராக அவர் வீட்டுக்குப் போய்விடுவாள். வீட்டுப்பாடம் அங்கே, பால் அங்கே. ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, “பெரிம்மா இன்னா சொன்னாங்க தெரியுமா?” என்று தொடங்குவாள். நான் சொன்னதை அவள் அங்கே போய் அப்படிச் சொல்வாளா என்று யோசித்தபடி கிடப்பேன். இந்த ஒன்றாவது என் வீட்டில் நடக்கட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு டச்சுக் கல்லறைக்குப் பின் தெருவில், ஏரியைப் பார்த்து இருக்கிறது. ஏரிப் பக்கத்து ஜன்னலை மூடி, இடுக்கில் துணி அடைத்தேன். ஈரம் காயாத மீன் வலைகளை வெளியே போட்டேன். பரணில் இருந்த பலகையை இறக்கி, அதன் மேல் நைலான் வலை நூலை இழுத்துப் பிடித்தேன். நூலுக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று மகள் குனிந்து பார்த்தாள். “தெரிலம்மா, நேராத்தான் கீது.” அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது. பால்சாவை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் ஈர்க்குச்சி கொடுத்து அடுக்கினோம். மேலே என் பழைய கல்லூரிப் புத்தகங்களைப் பாரமாக வைத்தோம்.

மூன்றாம் நாள் காற்று மாறியது. சமையல் மேடையில் உப்பு ஜாடி கசியத் தொடங்கியது. அன்று மாலை வந்த ஓரகத்தி அதில் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாடி, உப்பே குளிச்சிட்டு ஒக்காந்துகினு கீது. இதுல ஏரோப்ளேன் கட்டி ஏரியிலதான் வுடணும்.”

“பெரிம்மா வூட்ல உப்பு பொலபொலன்னு கொட்டும்” என்றாள் மகள்.

கேலியாகத்தான் சொன்னார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி சாப்பிடும்போது என் கணவர், “அண்ணி வூட்லயே கட்டிக்கட்டுமே, ஒனக்கு எதுக்கு இந்த ரோதனை?” என்றார். சரி என்றேன். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் மகள் மரத்தை அங்கே எடுத்துப் போவதாக முடிவானது.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. ஈரத்தோடு கொடுத்தனுப்பக் கூடாது, காயவைத்துக் கொடுப்போம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. மொட்டை மாடியில் கருவாடு காயப்போடும் வலையின் மேல் பலகைகளைப் பரப்பினேன். ஒரு பக்கம் காய்ந்ததும் மீனைப் புரட்டுவது போலப் புரட்டிவிடலாம் என்று கீழே போய்த் துணி துவைத்தேன். திரும்பி வந்தபோது ஒவ்வொன்றும் ஓரம் தூக்கி ஓடம் போல வளைந்திருந்தது. இரண்டு பலகைகள் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தன. கருவாடு எப்படிச் சுருண்டாலும் குழம்புக்கு ஆகும்.

மகள் வந்து பார்த்தாள். அழவில்லை.

“நீதானம்மா படிச்சி சொன்ன, வெயில்ல வெக்கக் கூடாதுன்னு.”

“மறந்துட்டேன்டி.”

தாளை எடுத்துப் பார்த்தேன். கீழிருந்து மூன்றாவது வரியில் அது இருந்தது. அதைப் படித்த ஞாபகமே எனக்கு வரவில்லை. ஆனால் படிக்காமல் எப்படி அவளுக்குச் சொல்லியிருப்பேன்? அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது.

அவற்றை அப்படியே ஓரகத்தியிடம் எடுத்துப் போனாள். அவர் கெட்டிலின் ஆவியில் ஒவ்வொரு பலகையாகக் காட்டி, கண்ணாடிக்கு அடியில் வைத்து அழுத்தி, முக்கால்வாசியை நேராக்கிவிட்டார். விரிசல் விட்ட இரண்டுக்கும் பையன்களின் பழைய விமானப் பெட்டியிலிருந்து துண்டு தேடிக் கொடுத்தார். விமானம் அங்கேதான் கட்டப்பட்டது. கல்லறைப் பக்கத்து மைதானத்தில் விட்டபோது இடது பக்கமாகச் சாய்ந்தே பறந்தது. “அந்த எறக்கதான் கொஞ்சம் வளஞ்சி கீது” என்று மகள் பெரியம்மாவிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

போன வாரம் இன்னொரு பெட்டி வந்திருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. “எந்த வூட்லம்மா வெக்கட்டும்?” என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருக்கிறாள். இங்கேயே வை என்று சொல்லத்தான் ஆசை. அதற்கு முன் அந்த நாளைப் பற்றி அவளிடம் பேச வேண்டும் என்றும் தோன்றுகிறது. ஆனால் என்னவென்று பேசுவது? வேண்டுமென்றே செய்தேன் என்றால் அது உண்மையா என்று தெரியாது. தெரியாமல் செய்தேன் என்றால் அதுவும்தான்.

இதைப் படிப்பவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். எனக்கே உறுதியாகத் தெரியாத ஒரு தப்பைப் பதினொரு வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? உப்பு கசியும் வீட்டில் மரத்தை நேராக வைத்திருக்க வழி தெரிந்தவர்கள் இருந்தால், அதையும் சொல்லுங்கள். பெட்டியை இன்னும் சில நாள் பிரிக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.