படகுக்கு முந்திய வெறும் வயிறு

முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடங்களாக என் குடலுக்கு நான் படகின் நேரசூசியைக் கொடுத்து வைத்திருந்தேன். கடல் கடக்கும் நாட்களில் அது அசையக்கூடாது. வீட்டில் நிற்கும் சனி, ஞாயிறுகளில் அசைந்தே ஆக வேண்டும். மறுத்தால் சனிக்கிழமை விடியவே ஒரு பேதிக்குளிசை. குடலும் அரசாங்க உத்தியோகத்தர்தானே, சுற்றறிக்கை அனுப்பினால் கீழ்ப்படியும் என்று நினைத்திருக்கிறேன் போலும்.

வீடு வேலணையில். வேலை நெடுந்தீவில், ஓர் அரசாங்கக் கந்தோரில். விடிய பஸ் பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனால், அங்கிருந்து ஒரு மணித்தியாலக் கடல். நாங்கள் போகும் படகில் மலசலகூடம் கிடையாது. சோளகக் காற்று எழும்பிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது கேட்காமலே தெரிந்துவிடும். அதனால் தினமும் போய்வரும் எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. படகுக்கு முன் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது, தண்ணீர்கூட. அக்கரையில் இறங்கியதும் ஒரு வெறுந்தேத்தண்ணி, ஒரு ரோல்ஸ். இடையில் வயிறு கூப்பிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பது. அந்தச் சட்டத்துக்கு நான்தான் தலைவர், செயலாளர், காவல்காரன் எல்லாம்.

சட்டத்தை மதியாதவர் ஒருவரே. கந்தோரில் எனக்கு எதிர் மேசை அண்ணை, என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் நாலரை மணிக்கு எழும்பி இரண்டு பேணி தண்ணீர் குடிப்பார். பிட்டும் கீரைக்கறியும், ஒரு கதலிப்பழமும். பிறகு அவசரப்படாமல் ஒதுங்கிப் போய்விட்டு வந்து பஸ் ஏறுவார். படகில் போத்தல் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்தபடி, தூரத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு தொந்தரவும் இல்லாமல் வருவார். எங்கள் முகங்களெல்லாம் புளித்த மாப்போல இருக்கும்போது அவர் முகம் மட்டும் முழுகிவிட்டு வந்ததுபோல இருக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஒரு நாள் பஸ் முந்தி வந்துவிட்டது. அவருடைய ஒழுங்கு குலைந்துபோயிற்று. நடுக்கடலில் அவர் படகோட்டியிடம் மெல்லப் போய், இன்னும் எவ்வளவு நேரம் என்று காதோடு கேட்டதை நான் கண்டுவிட்டேன். படகு நிறைய ஆட்கள். அரைவாசிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகும் பெண்கள். நான் எழும்பி நின்று சொன்னேன்.

“ஓட்டி, கொஞ்சம் கெதியா விடுங்கோ. அண்ணையின்ரை வயித்துக்கை இன்னொரு படகு வெளிக்கிடுது.”

படகே சிரித்தது. அவரும் சிரித்தார். அவர் சிரித்ததை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நாள் அவர் இறங்குதுறைக்கு வந்ததும், முதலாவது படகு போய்விட்டதா என்று விசாரித்தேன். அதற்கடுத்த நாளும் விசாரித்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அதுவே காலைச் சாப்பாடு.

ஒரு மாதம் கழியவில்லை, தண்ணீர்ப் போத்தல் காணாமல் போயிற்று. இப்ப சாப்பிடுவதில்லையோ என்று கேட்டேன். காலையில் பசி இல்லை என்றார். எங்கள் வெறும்வயிற்றுச் சங்கத்தில் ஓர் ஆள் கூடிவிட்டது என்று நான் கைதட்டினேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது, பார்த்தேன், விளங்கவில்லை. அவர் மெலிந்தார். கந்தோரில் அடிக்கடி வயிற்றைப் பிடித்தார். பிறகு படகில் இருக்காமல் நின்றுகொண்டே வரத் தொடங்கினார். அதற்கும் என்னிடம் பகிடி இருந்தது. கதிரையோடு என்ன கோபம் என்று கேட்டேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. மூலத்துக்கு யாழ்ப்பாணத்தில் வெட்டியிருக்கிறார்கள், நெடுநாளாக இரத்தம் போனதை ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார் என்று கந்தோரில் கதைத்தார்கள்.

அந்த மாதமே என் வயிறும் சுற்றறிக்கைகளைக் கிழித்துப்போட்டது. வீக்கம், பொருமல், குத்து. கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் என் மகள் வயதுப் பிள்ளை. எத்தனை நாளைக்கு ஒருதரம் வெளியே போகிறேன் என்று கேட்டார்.

“படகு ஏறாத நாளிலை, டொக்டர்.”

அவர் சிரிக்கவில்லை. அப்ப கிழமைக்கு இரண்டுதரம் என்று எழுதிக்கொண்டார். பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். காலையில் ஏதாவது உள்ளே போனால்தான் குடலும் விழித்து வேலை தொடங்குமாம். அது கூப்பிடும்போதெல்லாம் பொறுத்துக்கொண்டால் கூப்பிடுவதையே குறைத்துவிடுமாம்; உள்ளே கிடப்பதன் தண்ணீர் வற்றி, கட்டியாகி, முக்கி முக்கி மூலம் வருமாம். கிழமைக்கொரு பேதிக்குளிசையை இனி விட்டுவிடச் சொன்னார். விடிய எழும்பித் தண்ணீர் குடிக்க வேண்டும். படகுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் அளவாகச் சாப்பிட வேண்டும். கீரை, பயறு, பழம் எல்லாம் ஒரேயடியாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் ஒரே நேரத்தில் அவசரப்படாமல் ஆறுதலாக ஒதுங்கிப் போக வேண்டும். இரத்தம் கண்டால் வெட்கப்படாமல் வர வேண்டும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு எதிர் மேசை தெரிந்தது. அண்ணை இதையெல்லாம் ஒருவரிடமும் கேட்காமல் செய்துகொண்டிருந்தவர். செய்துகொண்டிருந்ததை நிற்பாட்டியவன் நான்.

நான் திருந்துவது பெரிய வேலையாக இருக்கவில்லை. மூன்று மாதத்தில் குடல் என்னோடு கதைக்கத் தொடங்கிவிட்டது. அண்ணையின் வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. போகாமலிருக்க ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாட்டுக் கிடைத்தது.

கடைசியில் போனேன். புண் முழுக்க ஆறாமல் இன்னும் லீவில்தான் இருந்தார். அவர் ஒரு தலையணையை மடித்துப் போட்டு அதன்மேல் பக்கவாட்டாக இருந்தார். கழுத்தெலும்பு தெரிந்தது. வேறு கந்தோருக்கு இடமாற்றம் கேட்டு எழுதிவிட்டதாகச் சொன்னார். கடல் கடந்தது போதும் என்றார். நான் தலையாட்டினேன். அவர் எழும்பி உள்ளே போன நேரம், அவருடைய மனைவி தேத்தண்ணியை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்.

“அவர் கடலுக்குப் பயந்து சாப்பாட்டை விடேல்லைத் தம்பி. உம்மடை வாய்க்குத்தான் பயந்தவர்.”

அண்ணை திரும்பி வந்து மெதுவாக அமரும்வரை பார்த்திருந்தேன். சொல்ல வேண்டியதை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்ததும், எத்தனையோ வருடப் பழக்கம், முகம் தானாக இளித்துவிட்டது. உள்ளுக்குள் அழுகை, வெளியே பல். அதோடேயே சொன்னேன்.

“அண்ணை, உங்கடை வருத்தத்துக்கு நான்தான் காரணம். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“அதைச் சிரிக்காமல் சொல்லும்.”