சாமைப் பொட்டலத்தில் நீலம்

எங்கள் கள்ளக்குறிச்சி வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். காலையில் வெளிர்நீலம், மழைக்கு முன் கருநீலம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் அந்த மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்காரி. படிப்பு முடிந்து அவள் ஊர் திரும்பிய பிறகு, அந்த நீலத்தில் அவள் வீடு எங்கே இருக்கும் என்று மாடியிலிருந்து தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இப்போது அவள் தன் கொல்லையில் விளையும் சாமையைப் பொட்டலம் போட்டு விற்கிறாள். என் கிராஃபிக் டிசைன் படிப்பின் கடைசி புராஜெக்ட், அந்தப் பொட்டலத்துக்கு ஒரு லேபிள். அவள் அதை ஒட்டி விற்றால்தான் நான் தேறுவேன். வெறும் படத்தைக் கல்லூரியில் ஏற்க மாட்டார்கள்.

லேப்டாப்பில் நீலத்தின் மேல் நீலமாக அடுக்கி மலையை வரைந்தேன். சாப்பிடக் கூப்பிட்டவர்கள் மேல் எரிந்து விழுந்தேன். கண்ணை மூடினாலும் மலை மிதந்தது. முடித்தபோது என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

பிரிண்டும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு நீலம் கழன்று, மலை பச்சையும் செம்மண்ணுமாக மாறிக்கொண்டே வந்தது. பார்த்துக்கொண்டுதான் போனேன், உறைக்கவில்லை.

அவள் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கடலா?"

"உங்க மலைடி."

"எங்க மல எப்போ நீலமாச்சு? இத ஒட்டுனா எங்க ஊர்லயே எவளும் நம்ம சாமைன்னு நம்ப மாட்டா. வேணாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுடைய கொல்லையின் கடைசி வரை நடந்தேன். அங்கே சரிவு தொடங்குகிறது. சாமைக் கதிர்கள் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன. அவற்றுக்கு அப்பால், வெகு கீழே, தரை வானத்தோடு கலக்கும் இடத்தில் அதே நீலம். நான் ராப்பகலாகக் கலந்த நீலம். அங்கேதான் எங்கள் ஊர் இருக்கிறது. கோபம் போன இடம் தெரியவில்லை. தூக்கத்தில் நிற்பவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அங்கேயே உட்கார்ந்து புதிதாக வரைந்தேன். முன்னால் பெரிதாகச் சாமைக் கதிர்கள், அடியில் செம்மண், தூரத்தில் மெல்லிசாக ஒரு நீலக் கோடு. மலையை வரையவில்லை. நான்தான் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேனே.

அவள் வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க கொல்ல. இத ஒட்டலாம்டி."

பிறகு குனிந்து, நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள்.

"இதுல உங்க வூடு எங்க கீது? நானும் இங்க நின்னுக்கினு தெனம் தேடுறேன், தெரியவே மாட்டேங்குது."