கட்டில்காலில் ஒரு சேவல்

எங்கள் மில்லில் மூன்றாம் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும்போது புதுச்சேரி எழுந்து பல் துலக்கும். நான் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு தூங்கப் போவேன். எதிரே வருகிறவர்கள் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, பளிச்சென்று வருவார்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ராத்திரி தூங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே நூல் நூற்கும் பிரிவில் பதிலி ஆள். நிரந்தர ஆள் யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். பகல் ஷிப்டுக்கு வராதவர்கள் குறைவு. ராத்திரிக்கு மட்டும் யாருக்காவது காய்ச்சல், யார் வீட்டிலாவது காதுகுத்து. அதனால் எனக்கு வாய்த்ததெல்லாம் ராத்திரிதான்.

மெஷின் ஓடுகிற சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும். நின்றபடியே கண் செருகிவிடும். ஒருமுறை அப்படிச் செருகியபோது, எதிரே நூல் அறுந்து பஞ்சு பறந்துகொண்டிருக்க, மேஸ்திரி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

“இன்னாய்யா, குதிரையா நீ? நின்னுகினே தூங்கற?”

நான் குனிந்து அறுந்த நூலை ஒட்டினேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போதும் பேச வேண்டியதை எழுதித்தான் தீர்த்துக்கொள்கிறேன்.

“பொங்கலுக்கு அப்புறம் சில பேர பர்மனென்ட் பண்றாங்க. ஒம் பேரயும் சொல்லலாம்னு இருக்கேன். இன்னொரு தபா இப்பிடிப் பாத்தேன், சொல்ல மாட்டேன். வூட்டுக்குப் போயி ஒழுங்கா தூங்கிட்டு வா.”

வீட்டுக்குப் போய் ஒழுங்காகத் தூங்குவது. சொல்ல அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது!

எங்கள் வீடு கோரிமேட்டில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில். ஒரு அறை, ஒரு சமையல் இடம், பின்னால் கொஞ்சம் வெளி. பக்கத்து வீட்டில் பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர்; தெருவில் எல்லாருக்கும் அவர் ‘முசே’. ஏதோ ஒரு சண்டையில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதிக்காக ரேடியோவைத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி வைப்பார். நான் சைக்கிளை நிறுத்தும்போது வாசலில் நின்று “போன்ழூர்!” என்பார். காலை வணக்கமாம். எனக்கு அது ராத்திரி. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

போய்ப் படுத்தால் உப்புக்காரன் வருவான். அவன் போனால் கோலமாவு. அது போனால் தெருக்குழாயில் தண்ணீர் வரும். என் மனைவிக்கும் எதிர்வீட்டு அம்மாளுக்கும் குடம் வைக்கிற வரிசையில் ஒரு தகராறு நடக்கும். அதை அன்றைக்கே முடித்துவிட்டால் மறுநாளுக்கு இருக்காது என்று இரண்டு பேரும் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். தகராறு ஓய்ந்ததும் மனைவி உள்ளே வந்து என் தலைமாட்டில் நின்று, “ஏங்க, தூங்கிட்டீங்களா?” என்பாள். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லலாம் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் அக்காவின் ஊர் மட்டும் வேறு இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

அக்காவைக் கொடுத்தது விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில். அங்கே யாருக்கு உடம்புக்கு வந்தாலும் பஸ் ஏறி கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். காலையில் சீக்கிரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பதால் முதல் நாளே வந்துவிடுவார்கள். வந்து எங்கே தங்குவது? அதுதான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தம்பி வீடு இருக்கிறதே. அக்காவின் மாமியார் முட்டிவலியோடு வந்தார். பங்காளி ஒருத்தர் கண்ணில் பூ விழுந்து வந்தார். ஒருவர் நோயாளி என்றால் துணைக்கு மூன்று பேர். எனக்குப் பழக்கமில்லாத கால்கள் என் கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கும்.

எல்லாரையும்விட அதிகம் வந்தவர் அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா. அவருக்கு வயிற்றில் எரிச்சல். அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், மதுவிலக்கு; இந்தப் பக்கம் கடைகள் திறந்தே இருந்தன. மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவார். எரிச்சலைக் காட்டுவதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் கிளப்பிவிட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார். “எரிச்சல் இருந்தாத்தான மாப்ள டாக்டருக்குக் காட்ட முடியும்?” என்பார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த வயிறு குணமாக வேண்டும் என்று அக்கா ஊர் முனீஸ்வரனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். நேர்ந்துவிட்ட சேவலை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது. குணமான பிறகு கோயிலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவரை அது எங்காவது வளர வேண்டும். ஊரில் வளர்த்தால் மாமாவே ஒருநாள் பிடித்துக் குழம்பு வைத்துவிடுவார் என்று அக்காவுக்குப் பயம். ஆகவே அதைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துவந்து என் வீட்டில் விட்டாள்.

“ஒரு மாசம் இருக்கட்டும்டா தம்பி. சாமி சேவலு. சத்தமே போடாது.”

அதைக் கட்ட வீட்டில் வேறு இடமில்லை. வெளியே விட்டால் நாய். என் கட்டில்காலில்தான் கட்டினார்கள். விடிந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் கண்ணை மூடினால் கூவும். உப்புக்காரன் கத்தினால் பதிலுக்குக் கூவும். சொல்தாவின் ரேடியோவில் வாத்தியம் வாசித்தால் கூடவே சேர்ந்துகொள்ளும். ஒரு மாதம் ஆடி, ஆவணி என்று நீண்டது. வயிறு குணமாகவில்லை. மாமா அதற்கு இடமே கொடுக்கவில்லை.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவனை அக்கா வாசலிலேயே நிறுத்தினாள். “தம்பி, நீயே மாமாவக் கூட்டிகினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாடா. நான் போனா வழியில கடைக்குள்ள பூந்துடுறாரு. ஒனக்குன்னா கொஞ்சம் வெக்கப்படுவாரு.”

கண் எரிய எரியக் கூட்டிப்போனேன். மாமா வரிசையில் உட்கார்ந்தார். வெளியே மரங்களடியில் நோயாளிகளோடு வந்தவர்கள் பாயும் துணியும் விரித்துப் படுத்திருந்தார்கள். நானும் சும்மா உட்காரலாமே என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். துண்டைத் தலைக்கு வைத்தேன். பிறகு மாமா காலால் என்னைத் தட்டும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

அப்படி ஒரு தூக்கம் கல்யாணமான நாளிலிருந்து நான் தூங்கியதில்லை. அந்த மரத்தடியில் யாரும் யாரையும் எழுப்புவதில்லை. படுத்திருக்கிறவன் வீட்டில் என்ன கஷ்டமோ என்று ஒதுங்கி, மெதுவாக நடக்கிறார்கள். குழந்தை அழுதால்கூடத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போகிறார்கள்.

அதற்கப்புறம் மாமா வந்தாலும் வராவிட்டாலும் ஷிப்ட் முடிந்து நேராக மரத்தடிக்குப் போய்விடுவேன். மனைவியிடம், ஓவர்டைம் என்றேன். மில்லில் கண் செருகுவது நின்றது. மேஸ்திரி என்னைத் தாண்டிப் போகும்போது தலையை ஆட்ட ஆரம்பித்தார். எனக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அக்கா ஊர்க்காரர் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மரத்தடியில் என்னைப் பார்த்திருக்கிறார். வாயைத் திறந்துகொண்டு, பஞ்சு ஒட்டிய தலையோடு, கட்டாந்தரையில் நான் கிடந்த கோலம் அவருக்கு என்னவோ செய்திருக்கிறது. எழுப்ப மனம் வராமல் ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

அடுத்த பஸ்ஸிலேயே அக்கா வந்தாள். வீட்டுக்கு வருவதற்கு முன் மில் கேட்டுக்குப் போயிருக்கிறாள். வாட்ச்மேனிடம் மன்றாடி மேஸ்திரியை வெளியே வரவழைத்து, “என் தம்பிக்கு ஒடம்பு முடியலைங்க. எங்ககிட்ட மறைக்கிறான். கொஞ்சம் லேசான வேலையா பாத்துக் குடுங்க சாமி” என்று அழுதிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் வரவேண்டிய வாய் மொத்தமும் அவளுக்குப் போய்விட்டது.

உடம்பு முடியாதவனை யார் பர்மனென்ட் பண்ணுவார்கள்?

நான் வீட்டுக்கு வந்தபோது உட்கார இடமில்லை. அக்கா, மாமா, முட்டிவலி மாமியார், பார்த்துவிட்டுச் சொன்ன அந்த மனிதர், எதிர்வீட்டு அம்மாள். குழாய்த் தகராறை அன்றைக்கு நிறுத்தி வைத்துவிட்டு என் மனைவியின் தோளைத் தடவிக்கொண்டிருந்தாள். மனைவியின் கண் வீங்கியிருந்தது.

“ஓவர்டைம்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கா போனீங்க?” என்றாள்.

“எனக்கு ஒண்ணுமில்ல” என்றேன்.

“பாத்தியா, எங்க அப்பாவும் சாவறதுக்கு முந்தி இதத்தான் சொன்னாரு” என்று அக்கா குரலெடுத்தாள்.

“மெய்யாலுமே ஒண்ணுமில்லக்கா.”

“நோவு இருக்கறவன் எவன்டா இருக்குன்னு சொல்றான்?” என்றார் மாமா, வயிற்றைத் தடவிக்கொண்டே. “ராஜா மாதிரி படு. இன்னா சாப்பிடற, சொல்லு. கடைக்கு வேணா நான் போயிட்டு வரேன்.”

“நீ கடைக்குப் போவ வேணாம்!” என்றாள் அக்கா.

சேவல் கூவியது. அந்த நேரம் பார்த்து வாசலில் சைக்கிள் மணி. மேஸ்திரி. அவர் என் வீட்டுக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. எல்லாரும் எழுந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் முக்காலியைத் தேடினார்கள். அவர் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னாய்யா ஒடம்புக்கு? மறைக்காம சொல்லு. சீக்காளின்னா நான் ஒம் பேரச் சொல்ல முடியாது. நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க.”

எனக்கு முன்னால் அவர். சுற்றிலும் இத்தனை முகம். வழக்கமாக அந்த இடத்தில் நான் தரையைப் பார்ப்பேன். அன்றைக்கும் பார்த்தேன். தரையில் சேவல் நின்று, தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன நடந்ததென்று தெரியவில்லை, வாய் திறந்துகொண்டது.

“எனக்குத் தூக்கம் இல்லைங்க! வேற ஒரு எழவும் இல்ல! வந்து படுத்தா உப்பு உப்புன்னு கத்தறான். கோலமாவுன்னு கத்தறா. தண்ணி வந்தா இவங்க ரெண்டு பேரும் கத்தறாங்க. முசே ரேடியோ கத்துது. ஊர்ல யாருக்கு கால் சுளுக்கினாலும் என் கட்டில்கிட்ட வந்து நிக்கறாங்க. மாமா வயிறு ஆறாது, அவரு ஆற விட மாட்டாரு. அது ஆறாம இந்தச் சேவல் போகாது. இது போகாம நான் தூங்க முடியாது. தூங்கறதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், தூங்கறதுக்கு!”

வீடு அமைதியாக இருந்தது. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. அப்போதே படுத்திருந்தால் தூங்கியிருக்கலாம்.

மேஸ்திரி முதலில் சேவலைப் பார்த்தார். பிறகு மாமாவை. பக்கத்து வீட்டு ரேடியோ ஏதோ பிரெஞ்சுப் பாட்டை ஆரம்பித்தது. சேவல் கழுத்தை நீட்டி அதற்கு ஒத்து ஊதியது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இந்த வூட்ல கெடந்துட்டு வந்து நின்னுகினாச்சும் தூங்கினியே, அதே பெரிசுய்யா” என்றார். எழுந்து சைக்கிளை எடுக்கும்போது என் பக்கம் திரும்பாமலே, “மரத்தடிக்கே போ. பொங்கல் முடியட்டும்” என்றார்.

மாமாவுக்கு என்மேல் ஒரு மாதம் கோபம். எதிர்வீட்டு அம்மாள் குழாயடியில் தணிந்த குரலில் சண்டை போடப் பழகிக்கொண்டாள். அக்கா மட்டும் அன்றைக்கு ஒன்றும் பேசாமல் பஸ் ஏறினாள். ரொம்பப் பேசிவிட்டோமோ என்று எனக்கு அதனாலேயே இரண்டு பகல் மரத்தடியில்கூடத் தூக்கம் வரவில்லை.

பொங்கல் கழிந்து என்னை பர்மனென்ட் ஆக்கினார்கள். இனி ஷிப்ட் மாறி மாறி வரும். ராத்திரி வாரமும் வரும். செய்தி கேட்டு அக்கா வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு பை. பை அசைந்தது.

“அன்னிக்கு நீ அப்பிடிச் சொன்னது நெஞ்சுல குத்திடுச்சுடா தம்பி. நேரா முனீஸ்வரன்கிட்ட போனேன். என் தம்பிக்கு நல்லா தூக்கம் வரணும் சாமின்னு ஒனக்கும் ஒரு சேவல் நேந்துகினேன்.”

பையைத் திறந்து அதைக் கட்டிலின் இன்னொரு காலில் கட்டினாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல் இடத்துக்கு ஓடினாள்.

எனக்கு வழி ஒன்றுதான் தெரிந்தது. அக்கா பார்க்கப் பார்க்கக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். “தூங்கிட்டானா?” என்று மனைவியைக் கேட்டாள். “தெரியலையே அண்ணி, கண்ணு அசையுது.” நான் கண்ணை அசைக்காமல் இருக்கப் பாடுபட்டேன். குறட்டைகூட விட்டுப் பார்த்தேன். அந்தக் குறட்டை எந்த இடத்தில் நிஜமாக மாறியது என்று தெரியவில்லை. எழுந்தபோது அக்கா முகத்தில் விளக்கேற்றிய மாதிரி ஒரு வெளிச்சம்.

“பலிச்சிடுச்சுடா! இன்னிக்கே கொண்டுபோயி குடுத்துடறேன்.”

குனிந்து ஒரு சேவலை அவிழ்த்துப் பையில் போட்டாள். இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே உயரம். எது என்னுடையது, எது மாமாவுடையது என்று அவள் கொஞ்சம் யோசித்த மாதிரிதான் இருந்தது. நான் கேட்கவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகு கட்டில்காலில் மிச்சமிருந்தது கழுத்தை நீட்டிக் கூவியது. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, பழையதேதான். சொல்தா ரேடியோவைப் போட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்கு நடந்தேன்.